ஷிஃப்ட் முழுக்க ஓடிய சின்ன பேட்டரி

திருமலை: ...ஆகவே, மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது. அடுத்ததாகச் சக்கரத்தைக் கண்டது. மூன்றாவதாக, ஒரகடத்தில், ஸ்க்ரூ டிரைவருக்கு எந்த பேட்டரி போடுவது என்று கண்டது. அந்த மூன்றாவதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை நான் மிகுந்த அடக்கத்தோடு...

மீனம்மாள்: சார், சால்வைல விலைச்சீட்டு தொங்குது.

திருமலை: எங்கே?

மீனம்மாள்: முதுகாண்ட. மேடைல நின்னப்பவே தொங்கிச்சு.

திருமலை: அப்பவே சொல்றதுக்கு என்ன மீனம்மா?

மீனம்மாள்: கை தட்டிகினு இருந்தேன் சார்.

ஜாஸ்மின்: திரும்புங்க சார், நான் பிக்கறேன். பஸ் குலுங்குது, ஆடாதீங்க... ம், வந்துடுச்சு. இப்ப பேசுங்க. சக்கரத்த தாண்டி வந்தீங்க.

திருமலை: மேடையில் இரண்டே நிமிடம்தான் கொடுத்தார்கள் ஜாஸ்மின். சொல்ல வந்ததில் பாதி நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஜாஸ்மின்: அதான் மீதிய கம்பெனி பஸ்ல எறக்கறீங்களா? நாங்க படப்பைல எறங்கிடுவோம் சார். பாத்து சுருக்கமா.

திருமலை: சிரி, சிரி. சென்ற ஆண்டு மின் சிக்கனச் செம்மல் விருது. இந்த ஆண்டு சிறந்த சூப்பர்வைசர். இரண்டும் ஒரே ஆளுக்கு. நம்ம கார் சீட் கம்பெனி சரித்திரத்தில் இதற்கு முன் நடந்திருக்கிறதா?

மீனம்மாள்: கம்பெனி ஆரம்பிச்சே ஆறு வருஷம் தான சார் ஆவுது.

திருமலை: சரித்திரத்துக்கு ஆறு வருஷம் போதும். யோசித்துப் பாருங்கள். காற்றுக் குழாய் வைத்த டிரைவரை எடுத்துவிட்டு பேட்டரி டிரைவர் போடலாம் என்று முடிவானது. ஆபீஸில் அத்தனை பேரும் பெரிய பேட்டரி பக்கம். பெரிசு என்றால் நிறைய ஓடும், அவ்வளவுதான் அவர்கள் படிப்பு. நான் ஒருவன் மட்டும் எழுந்து, சின்னதையும் சோதித்துப் பார்ப்போம் என்றேன்.

ஜாஸ்மின்: நீங்களும் பெரிசு பக்கம் தான சார் நின்னீங்க?

திருமலை: தொடக்கத்தில்.

ஜாஸ்மின்: போன வெள்ளிக்கிழம வரைக்கும்.

திருமலை: சோதனை முடிகிற வரைக்கும் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதுதான் அறிவியல்.

மீனம்மாள்: பெரிசு பக்கமா சாயாம நின்னீங்க. சரி, வுடு ஜாஸ்மின்... ஜெயிச்சாச்சு. நாளைலேர்ந்து லைன் பூரா சின்னது. எனக்கு அது போதும்பா. இந்த மணிக்கட்டு பாரு, ஒரு மாசமா கட்டோட கீறேன். போன மாசம் பழகறதுக்குன்னு குடுத்தீங்களே, அந்த பெரிசு போட்ட டிரைவர தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுகினு, சீட்டுக்கு அடில ஸ்க்ரூ அடிச்சா தெரியும். செங்கல்ல கைல கட்டி வுட்ட மாதிரி.

திருமலை: அந்த வலிக்கெல்லாம் இன்று அறிவியல் மருந்து கொடுத்துவிட்டது மீனம்மா. ஒரு வாரச் சோதனை. காலையில் இரண்டு பேட்டரியும் முழுச் சார்ஜோடு இறங்க வேண்டும். சாயந்திரம் வரை மறுபடி சார்ஜரில் போடக் கூடாது. ஜாஸ்மின் கையில் பெரியது, உன் கையில் சின்னது. என்ன நடந்தது?

ஜாஸ்மின்: சின்னது கடைசி ஸ்க்ரூ வரைக்கும் ஓடிச்சு.

திருமலை: பெரியது?

ஜாஸ்மின்: டீ டைமுக்கு முன்னாடியே படுத்துடுச்சு.

திருமலை: தினமும்.

ஜாஸ்மின்: தினமும் சார். அதான் எனக்கு இன்னும்...

திருமலை: ஏன் படுத்தது? அதைத்தான் மேடையில் விளக்கினேன். பெரிய பேட்டரிக்குள் பத்து செல். சின்னதுக்குள் ஐந்து. பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? ஒருவன் உழைப்பான், ஒருவன் தூங்குவான், இருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஐந்து என்றால் தனிக்குடித்தனம். சண்டை இல்லை. இதற்கு நான் வைத்த பெயர், செல் ஒற்றுமைக் கோட்பாடு.

ஜாஸ்மின்: பிளான்ட் ஹெட்டு இத நம்பினாரா?

திருமலை: நம்பினாராவா? ஜெபகுமார் சார் எழுந்து நின்று கை தட்டினார். உட்கார்ந்தே கை தட்டுகிற மனுஷன் அவர்.

மீனம்மாள்: அவருது கூட்டுக் குடும்பம்னு கேள்வி.

ஜாஸ்மின்: ஆனா சார், ஒரு டவுட்டு. காலைல நான் எடுக்கறப்ப பட்டன அமுக்கினா பெரிசுல ஒரே ஒரு லைட்டு தான் எரிஞ்சுது. ஃபுல்லுன்னா நாலு எரியணும். அன்னிக்கே சொன்னேன்.

திருமலை: அதற்கு விளக்கமும் கொடுத்தேன்.

ஜாஸ்மின்: குடுத்தீங்க. புது பேட்டரி, கூச்சப்படுதுன்னீங்க.

திருமலை: அது... எளிய மொழியில் சொன்னது. இரு, போன் அடிக்கிறது. ஜெபகுமார் சார். பேசாதீர்கள், ரெண்டு பேரும் பேசாதீர்கள்... வணக்கம் சார். பஸ்ல சார்... ஆமா சார், சால்வை ரொம்ப நல்ல சால்வை சார், பின்பக்கம் கூட நல்லாருக்கு... எங்க சார்? ... நம்ம பிளான்ட்லயா? எல்லா பிளான்ட் ஹெட்டும் வர்றாங்களா? ... அவங்க முன்னாடியே லைவா... சார்ஜர கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டி... காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் ஒரே சார்ஜுல... பிரமாதம் சார். இத விட நம்பகமா காட்டவே முடியாது சார்... மீனம்மாளே ஓட்டுவாங்க சார். இதோ பக்கத்துல தான் இருக்காங்க, சந்தோஷத்துல பேச்சு வரல... வணக்கம் சார்.

ஜாஸ்மின்: அக்கா.

மீனம்மாள்: ம்.

ஜாஸ்மின்: நீ சொல்றியா, நான் சொல்லவா?

மீனம்மாள்: நீ சொல்லு.

திருமலை: கேட்டீர்களா? அடுத்த திங்கட்கிழமை. எல்லா பிளான்ட்டிலிருந்தும் வருகிறார்கள். சால்வை இல்லை, இந்த முறை மாலை.

ஜாஸ்மின்: சார், அந்த சின்ன பேட்டரி...

திருமலை: சொல்லு.

ஜாஸ்மின்: அது சாப்பாட்டு டைம் வரைக்கும் கூட தாங்காது சார்.

திருமலை: எது?

ஜாஸ்மின்: சின்னது. நாங்க டீ டைம்ல கொஞ்சம் சார்ஜ் போடுவோம். சாப்பாட்டு டைம்ல கொஞ்சம். மத்தியானம் டீக்கு இன்னும் கொஞ்சம்.

மீனம்மாள்: சார்? மூச்சு வுடுங்க சார்.

திருமலை: சார்ஜரைக் காலையிலேயே பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேனே. நீதானே பூட்டினாய் மீனம்மா?

மீனம்மாள்: பூட்டினேன் சார். வெறும் டப்பாவ.

திருமலை: இரு, இரு. அது எப்படி முடியும்? பிரேக்கில் லைன் பிளக்கு எல்லாத்தையும் நானே கையால் அணைத்துக்கொண்டு போவேனே. ஒன்று விடாமல்.

மீனம்மாள்: ஒண்ணு வுட்டுடுவீங்க சார்.

திருமலை: எதை?

மீனம்மாள்: சாமி பிளக்க.

திருமலை: அது... அம்மன் படத்துக்கு சீரியல் லைட்டு போட்ட பிளக்கு. அதை அணைக்கலாமா? லைன் ஆரம்பிச்ச நாளிலிருந்து யாரும் அணைத்ததில்லை.

மீனம்மாள்: அதான் சார். ராத்திரி சார்ஜுக்கு சின்னத நீங்களே அங்க தான போடச் சொன்னீங்க, கேபின்ல ஒரு பிளக்கு தான் கீதுன்னு. நாங்க அந்த சார்ஜரையே பகல்ல படத்துக்குப் பின்னால தள்ளி வெச்சோம்.

திருமலை: படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சை வெளிச்சம் வந்ததே...

ஜாஸ்மின்: சார்ஜர் சார்.

திருமலை: விட்டு விட்டு எரிந்தது.

ஜாஸ்மின்: சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம். ஃபுல்லாயிட்டா விடாம எரியும்.

திருமலை: நான் அதை தினமும் வந்து...

மீனம்மாள்: கும்பிட்டீங்க.

ஜாஸ்மின்: சும்மா இல்ல. சேஃப்டி ஷூவ கழட்டிட்டு கும்பிட்டீங்க. நீங்க லேஸ் அவுத்து, திருப்பிக் கட்டி முடிக்கற வரைக்கும் எங்களுக்கு உசுரே இல்ல. கண்ண மூடி நின்னுகினு, அம்மா பச்சையா ஜொலிக்கறாளேன்னு வேற சொன்னீங்க. நான் சர்ச்சுக்குப் போறவ. நானே அன்னிக்கு அம்மன்கிட்ட, இவரு கண்ண தொறக்கறதுக்குள்ள காப்பாத்தும்மான்னு வேண்டிகினேன்.

திருமலை: வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்தேனே, சோதனை நல்லபடி முடியணும் என்று.

மீனம்மாள்: தேங்காத் தண்ணி சார்ஜர் மேல படாம நான் தான் முந்தானைய குறுக்க புடிச்சேன். பக்தின்னு நெனச்சு நீங்க எனக்கு துன்னூறு பூசி வுட்டீங்க.

திருமலை: போச்சு. எல்லாம் போச்சு. கண்ணாடிப் பொட்டி, பூட்டு, எல்லா ஊரு ஹெட்டும் சுத்தி நிக்கறாங்க, பன்னெண்டு மணிக்கு டிரைவரு மூச்ச நிறுத்துது... வேணாம். நாளைக்குக் காலைல போயி சால்வைய திருப்பிக் குடுத்துடறேன்.

ஜாஸ்மின்: விலைச்சீட்டு பிச்சாச்சு சார். கடைல எடுத்துக்க மாட்டான்.

திருமலை: விளையாடாத ஜாஸ்மின். ஏன் இப்பிடிப் பண்ணீங்க? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா?

மீனம்மாள்: சொன்னேன் சார். ரெண்டு தபா கேபினுக்கே வந்து சொன்னேன், பெரிசு கைய ஒடைக்குதுன்னு. டேட்டா இருக்கான்னு கேட்டீங்க.

திருமலை: கேட்டேன்.

மீனம்மாள்: வலிக்கு நான் டேட்டாவ எங்கேர்ந்து எடுக்கறது? வூட்டுல பொண்ணுக்கு சடை பின்ன முடியல சார். சீப்பு நழுவி வுழுது. அதுவே வாரிகினு ஸ்கூலுக்குப் போவுது, வகிடு கோணலா. பெரிசு தான்னு முடிவாயிருந்தா நான் இந்த மாசத்தோட வேலைய வுட்டு நின்னுருப்பேன். நாப்பது வயசுல யாரு சார் என்ன புதுசா சேத்துப்பான்? நீங்க டேட்டா கேட்டீங்க. குடுத்தோம்.

ஜாஸ்மின்: அக்கா மேல கோவமா சார்?

திருமலை: இல்ல. எந்தக் கை?

மீனம்மாள்: வலது கை சார்.

திருமலை: ...கட்டு ரொம்ப இறுக்கமா கீது. கொஞ்சம் தளர்த்திக் கட்டு.

ஜாஸ்மின்: சார், நீங்களே மெட்ராஸ் பாஷைக்கு வந்துட்டீங்க. நெலமை மோசம்தான்.

திருமலை: நான் யோசிக்கறேன்.

ஜாஸ்மின்: ஒண்ணு கேக்கறேன். பிரேக்ல சார்ஜ் போடறது இன்னா அவ்ளோ பெரிய தப்பா? நாம டீ குடிக்கறோம், அதுவும் அந்த நேரத்துல கொஞ்சம் குடிக்குது. நம்ம வேல நிக்கல. கை வலிக்கல. ஸ்க்ரூ லூசா போவல. அப்புறம் இன்னா?

திருமலை: தப்பில்ல. ஆனா அதுக்கு ஒரு பேரு இல்லியே. பேரு இல்லாம செஞ்சா அது திருட்டுத்தனம். பேரு வெச்சு செஞ்சா...

ஜாஸ்மின்: செஞ்சா?

திருமலை: முறை.

மீனம்மாள்: அப்ப வைங்க சார் ஒரு பேரு. உங்களுக்கு வராததா.

திருமலை: இடைவேளை மின்னூட்டம்... இல்லை, கிழடு மாதிரி இருக்கிறது. பிரேக் சார்ஜிங்... பெரியவர்கள் சின்னதாக நினைப்பார்கள். டீ டைம்... டீ டைம்ல மேல ஊத்தறது. டாப்-அப். டீ டைம் டாப்-அப். மூன்று டி. ட்ரிபிள் டி.

ஜாஸ்மின்: சார், சாப்பாட்டு டைம்லயும் போடறோமே?

திருமலை: அதை ட்ரிபிள் டி பிளஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அது அடுத்த வருஷ விருதுக்கு. இரு, போன் போடறேன்... சார், திருமலை. தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். அந்தக் கண்ணாடிப் பெட்டி வேணாம் சார்... பயம் இல்ல சார், அத விடப் பெரிசு ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. ட்ரிபிள் டி... ஆமா சார், நம்ம லைன்லயே பொறந்தது... எப்படிச் சொல்றது சார், பேட்டரியும் ஒரு தொழிலாளி. தொழிலாளிக்கு இடைவேளை உண்டு. அவங்க டீ குடிக்கற நேரத்துல அதுவும் கொஞ்சம் குடிச்சா, சின்ன பேட்டரியே சாயந்திரம் வரைக்கும்... சார்? ... சார், லைன்ல இருக்கீங்களா? ... கண் கலங்காதீங்க சார். எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு.

ஜாஸ்மின்: அக்கா, கிள்ளு என்ன.

திருமலை: உஸ்... பேனரா சார்? பேனர் வேணாம் சார்... நீங்க அவ்வளவு சொன்னா வைக்கலாம் சார். என் போட்டோ சின்னதா போதும்... லைனுக்கு ஒரு பிளக்கு, யாருமே அணைக்கக் கூடாத பிளக்கு. போட்டுடலாம் சார், ஏற்கெனவே ஒரு மாடல் இருக்கு... பெரிசா? பெரிசயும் பக்கத்துல வெக்கணுமா? ... ஃபுல் சார்ஜ் போட்டு...

மீனம்மாள்: ஐயோ.

திருமலை: சார், ஒரு நிமிஷம். எவ்வளவு நேரம் ஓடுதுன்னு ஒப்பிடறது பழைய முறை சார். கைல தூக்கி ஒப்பிடணும். நீங்களே மேடைல பெரிசு போட்ட டிரைவர தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுகிட்டு ஒரு சீட்டு... தோள்பட்டையா சார்? எப்பலேர்ந்து? ... எலும்பு டாக்டரே சொல்லிட்டாரா? ... அய்யய்யோ. அப்ப நீங்க சின்னதே புடிங்க சார். பெரிசு வேணாம் சார், மேடைக்கே வேணாம்... ஆமா சார். யாரு தோளும் தோள்தான் சார். நன்றி சார்.

மீனம்மாள்: இன்னா சொன்னாரு? சொல்லுங்க சார், இன்னா சொன்னாரு?

திருமலை: பெரிசு லைனுக்கே வரக் கூடாதாம். எல்லா லைனுக்கும் சின்னது. ஆளுக்கு ரெண்டு பேட்டரி, ஒண்ணு கைல, ஒண்ணு டீ குடிக்க. எல்லா பிளான்ட்டுக்கும் ட்ரிபிள் டி.

ஜாஸ்மின்: அக்கா, குடு கைய. அது இல்ல, நல்ல கைய குடு.

மீனம்மாள்: மாரியாத்தா... நான் நிக்கத் தேவையில்ல. ஜாஸ்மின், நான் வேலைய வுட்டு நிக்கத் தேவையில்லடி.

ஜாஸ்மின்: அழாத, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. நாளைக்கு டீ என் செலவு. பேட்டரிக்கும் சேத்து.

திருமலை: வரலாறு இப்படித்தான் நகர்கிறது. ஒருவன் தனியாக நின்று, எதிர்ப்புகளைத் தாண்டி... இருங்கள், மறுபடி அவர்தான்... சார்? ... யாருக்கு சார்? ... பெரிய பேட்டரி வித்தவங்களுக்கா? டிஃபெக்ட்டுன்னு கம்ப்ளெயின்ட்டா? ... வேணாம் சார். வேணாம். திருப்பி அனுப்ப வேணாம்... பெருந்தன்மை எல்லாம் இல்ல சார்... அது மெயின்டனன்ஸ்ல கீழ வெச்சு ட்ரில் போட உபயோகமாவும் சார். நல்ல பேட்டரி சார். சத்தியமா நல்ல பேட்டரி... சரிங்க சார். வணக்கம் சார்.

ஜாஸ்மின்: நல்ல பேட்டரியா?

திருமலை: என்ன?

ஜாஸ்மின்: மேடைல அத தூங்குமூஞ்சிக் குடும்பம்னீங்க. இப்ப சத்தியம் பண்றீங்க.

திருமலை: தோற்றவனை மன்னிப்பதும் வென்றவன் கடமை.

மீனம்மாள்: நில்லு ஜாஸ்மின். பெரிச நீ தான ஓட்டின? நீ அத ஏதோ பண்ணிட்டேன்னு தான் நான் இவ்ளோ நாளா நெனச்சுகினு கீறேன். நைசா ஒரு வேலைய பண்ணிட்டு வாய தொறக்க மாட்டேன்றாளேன்னு.

ஜாஸ்மின்: நானா? நீ தான் பண்ணேன்னு நான் நெனச்சேன். நீ மூத்தவ, கேக்க வேணாம்னு வுட்டேன்.

மீனம்மாள்: என் பொண்ணு மேல சத்தியம். சின்னதுக்கு சோறு போட்டது உண்மை. பெரிச நான் பட்டினி போடல.

ஜாஸ்மின்: பைபிள் மேல சத்தியம், நானும் இல்ல. அது சாயந்திரம் வரைக்கும் ஓடட்டும், ரெண்டும் சமமா நின்னா எடையச் சொல்லி ஜெயிச்சுக்கலாம்னு தான நாம பேசிகினோம்? அப்ப அது ஏன் டீ டைமுக்கு முன்னாடியே செத்துச்சு?

திருமலை: செல் ஒற்றுமை...

ஜாஸ்மின்: சார்.

திருமலை: படப்பை வந்துவிட்டது, பையை எடுங்கள்.

ஜாஸ்மின்: பஸ்ஸு இன்னும் ஒரகடம் சிக்னல்லயே நிக்குது சார்.

மீனம்மாள்: ராத்திரி பூரா உங்க கேபின்ல தான சார் சார்ஜுல இருந்துச்சு?

திருமலை: கேபினில்தான். யாரும் கை வைக்கக் கூடாது என்று பூட்டி வைத்தேன். சாவி என்னிடம்.

ஜாஸ்மின்: ராத்திரி பூரா சார்ஜுல இருந்த பேட்டரி, காலைல ஒரு லைட்டு தான் காட்டுமா?

திருமலை: இந்த ஜன்னலை யாராவது திறந்துவிடுங்கள்.

ஜாஸ்மின்: சொல்லுங்க சார். உங்க சால்வைய நாங்க காப்பாத்தினோம், எங்க கைய நீங்க காப்பாத்தினீங்க. நமக்குள்ள இன்னா இருக்கு?

திருமலை: எனக்கே இன்னைக்குதான் தெரியும். விழா முடிஞ்சு கேபின பூட்டப் போனேன். சார்ஜர் மேல பச்சை லைட்டு எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. நான் போர்டுகிட்ட போனதும் அணைஞ்சுடுச்சு.

மீனம்மாள்: எந்த போர்டு? உங்க போட்டோ போட்டு ஸ்டிக்கர் ஒட்டிகீதே, 'வெளியேறும் முன் அணைப்பீர்'னு... செம்மல் அவார்டுக்கு வெச்சது, அதுவா?

திருமலை: அதேதான். சாயந்திரம் கெளம்பறப்ப அந்த போர்டுல இருக்கற எல்லா சுவிட்சையும் நான் அணைச்சுட்டுத்தான் வருவேன், சார்ஜரும் அதுலதான் இருந்துச்சு.